சாமிக்கு ஊற்றிய முதல் குவளை

மலேசியாவில் கிள்ளானை ஒட்டிய மேருவில் என் ஃபேக்டரிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வைக்கவும் மாட்டேன். தொழிற்பேட்டை முனையில் நிற்கும் எந்த லோரிக்காரனிடமும் "சிரப் தவுக்கே இடம் எங்கே?" என்று கேட்டால் கை காட்டுவான். தவுக்கே என்றால் எங்கள் ஊரில் முதலாளி. அந்தப் பெயரைக் காசு கொடுத்து எழுதி வாங்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அண்டா முன்னால் நின்று வாங்கினேன்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் போகவில்லை. இன்று கிள்ளான் வட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலோ, பள்ளிக் கேன்டீனிலோ, கோயில் தண்ணீர்ப் பந்தலிலோ சிவப்பாக ஒரு குவளை நீட்டினார்கள் என்றால், அது பெரும்பாலும் என் அண்டாவில் கொதித்ததாக இருக்கும். ரோஸ், ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று நான்கு கலர். "சீனி குறைவு" என்று ஒட்டி விற்கும் புட்டி தனி. அதில் பாதிச் சீனியை எடுத்துவிட்டு இனிப்புப் பொடி போடுவோம். அந்த யோசனையும் என்னுடையதுதான். படித்தவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

கலர் போடுவதில் எனக்குத் தராசு தேவைப்பட்டதில்லை. அண்டாவில் கரண்டியை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஊற்றினால் போதும், கண் சொல்லிவிடும். என்னோடு தொழில் ஆரம்பித்தவர்கள் எல்லாம் மூடிவிட்டுப் போனார்கள். நான் நின்றேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது சொல்ல உட்கார்ந்த விஷயம் பெருமைப்படக்கூடியது இல்லை.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. நானே ஏற்படுத்தியது. காலையில் முதல் அண்டா இறங்கியதும், புட்டியில் அடைப்பதற்கு முன்னால், ஒரு பித்தளைக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, சுவரில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் வைப்போம். கற்பூரம் காட்டி முடிந்ததும் அதை வீட்டுப் பிள்ளை குடிக்க வேண்டும். பெரியவர்கள் வாயில் வைக்கக் கூடாது. தொழில் ஆரம்பித்த புதிதில் மூன்று அண்டா சரக்கு தொடர்ந்து கெட்டுப் போனது. நான்காவது அண்டாவை இறக்கிய அன்று பயத்தில் சாமிக்கு வைத்தேன். அப்போது மூன்று வயதாக இருந்த என் மகன் குவளையை எடுத்துக் குடித்துவிட்டுச் சிரித்தான். அன்றைய சரக்கு கெடவில்லை. அதற்குப் பிறகு ஒரு அண்டாவும் கெடவில்லை. அப்புறம் எப்படி நிறுத்துவேன்?

மகன் பன்னிரண்டு வயது வரைக்கும் குடித்தான். அவன் வளர்ந்த பிறகு படத்துக்கு வைத்ததைச் செடியில் ஊற்றினோம். மகனுக்குப் பெண் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கியதும் குவளைக்கு மறுபடியும் ஆள் கிடைத்தது. அவள் அதைச் "சாமி தண்ணி" என்பாள்.

அவள்தான் என் பேத்தி. ஒரே பேத்தி. அவளுக்கு ஆறு வயது ஆன அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. மகன் என் லோரியை ஓட்டுகிறான், ஆறு மணிக்கே சரக்கோடு கிளம்பிவிடுவான். மருமகளுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை. இருட்டோடு ரயில் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அதனால் பேத்தியைக் குளிப்பாட்டி, உடுத்தி, காரில் உட்காரவைத்து, முதலில் ஃபேக்டரிக்கும் அப்புறம் எட்டு மணிக்குப் பாலர் பள்ளிக்கும் கொண்டுபோய் விடுவது என் வேலை. யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லாமல் இல்லை.

பாலர் பள்ளியிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. உட்கார வைத்த இடத்தில் உட்காருவதில்லை. வரிசையில் நிற்பதில்லை. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிகிறாள். கதை சொல்லும் நேரத்தில் மேஜைக்கு அடியில் புகுந்து கத்துகிறாள். ஒரு நாள் ஒரு பெண் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் கட்டிப் போனது. அந்தப் பிள்ளையின் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்.

அன்றைக்குத் தலைமை ஆசிரியை என்னையும் மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அங்கிள், நான் உங்க பேத்திய வெறுக்கல. பாடம் சொன்னா டக்குனு புடிச்சுக்கிறா. ஆனா மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்லா."

"இனிமே கடிக்க மாட்டா டீச்சர். நான் கேரண்டி."

"போன தடவையும் நீங்கதான் கேரண்டி சொன்னீங்க" என்றார் அவர். "இன்னும் ரெண்டு மாசம் பாக்கிறேன். அதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டுங்க. மாறலைனா, நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. அடுத்த வருஷம் முதலாம் வகுப்புக்குப் போற பிள்ளை. இப்பவே பள்ளிக்கூடம் வேணாம்னு துரத்திட்டாங்கன்னு பேரு வந்தா, அது அங்கயும் கூடவே வரும்."

காரில் வரும்போது மருமகள் பின் சீட்டில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அடுத்த இரண்டு மாதமும் அவள் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டாள். பிள்ளை அந்தப் பள்ளியில் நிற்க வேண்டும், மற்ற பிள்ளைகள் மாதிரி முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

என் வைத்தியம் வேறாக இருந்தது. வீட்டில் அலமாரிக்கு மேல் ஒரு ரோத்தான் பிரம்பு உண்டு. மகனை வளர்த்த ரோத்தான். புகார் வந்த நாளெல்லாம் சாயங்காலம் அதை எடுத்தேன். இரண்டு அடி, மூன்று அடி, காலில். அடிக்கும்போது ஓடாமல் நிற்பாள். அதுதான் எனக்குக் கோபத்தை ஏற்றும். பள்ளியில் ஒரு நிமிஷம் நிற்காத பிள்ளை, இங்கே மட்டும் நிற்கிறாளே என்று தோன்றும்.

டாக்டர் பிரிக்பீல்ட்ஸில், மருமகளின் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். சேலைக் கடைக்கு மேல் மாடி. குழந்தை டாக்டர், தமிழ்ப் பெண். பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கட்டைகளை அடுக்கி விளையாடினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இதற்கா இவ்வளவு ஃபீஸ் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து வந்து, பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், என்ன குடிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அங்கிள், நீங்க என்ன பண்றீங்க?"

"சொந்த ஃபேக்டரி. சிரப்."

"ஓ."

"ஓ-னா என்ன டாக்டரம்மா? அரசாங்கம் அனுமதிச்ச கலர்தான் போடறோம். பேப்பர் எல்லாம் இருக்கு, வேணும்னா கொண்டாந்து காட்டறேன்."

"நான் ஒண்ணுமே சொல்லல அங்கிள்" என்று சிரித்தார். "சீனி சாப்பிட்டா பிள்ளைங்க ஆடும்னு எல்லாரும் சொல்வாங்க. அதுக்குப் பெரிய ஆதாரம் இல்ல. கலர் கொஞ்சம் வேற. எல்லாப் பிள்ளைக்கும் இல்ல, சில பிள்ளைங்களுக்கு சில கலருங்க ஒத்துக்கிறதில்ல. துறுதுறுப்பு கூடுது, கவனம் நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. செயற்கை இனிப்பப் பத்தி இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. உங்க பேத்திக்கு அப்படியான்னு எனக்கும் தெரியாது. நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று மருமகள் கேட்டாள்.

"ஆறு வாரம். கலரு, இனிப்புப் பொடி ரெண்டும் ஒரு சொட்டு கூட உள்ள போகக் கூடாது. தினமும் என்ன சாப்பிட்டா, எப்படி இருந்தா, எழுதிட்டு வாங்க. நடுவுல ஏதாச்சும் போச்சுனா இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்ல."

கீழே இறங்கும்போது நான் மருமகளிடம் சொன்னேன்: "உன் புருஷனும் இதையேதான் குடிச்சு வளர்ந்தான். என்ன ஆயிட்டான்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகன் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் என்பதும், அவனையும் இதே மாதிரி உட்கார மாட்டான், கேட்க மாட்டான் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள் என்பதும் எனக்கு அந்தப் படியில் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் நான் ஒத்துழைக்காதவன் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் நானே குளிர்பெட்டியைத் திறந்தேன். என் சொந்தச் சரக்கு ஆறு புட்டி இருந்தது. எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தேன். ஜெல்லி, கலர் பிஸ்கட், தக்காளி சாஸ், பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த டியூப் ஐஸ், ஒன்றையும் விடவில்லை. "தவுக்கே வீட்டுல சிரப் இல்லையாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். "என் பேத்திக்காக ஃபேக்டரியையே மூடுவேன் போய்யா" என்று சொன்னேன். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

மருமகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். கடையில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். ரொட்டியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றினாள். பிறந்தநாள் வீடுகளுக்குப் பிள்ளையை அழைத்துப் போகவில்லை. பாலர் பள்ளியில் எல்லா ஆசிரியைகளிடமும் சொல்லி வைத்தாள். ராத்திரி படுக்கும் முன் நோட்டில் எழுதுவாள். காலையில் இட்லி, பத்து மணிக்கு வாழைப்பழம், மத்தியானம் சோறு, மீன். பக்கத்தில் அன்றைக்குப் பிள்ளை எப்படி இருந்தாள் என்று இரண்டு வரி.

அந்த ஆறு வாரமும், ஞாயிறு நீங்கலாக ஒரு நாள் விடாமல், காலை ஏழரை மணிக்குப் பேத்தி ஃபேக்டரியில் சாமி தண்ணி குடித்தாள்.

மறைத்துக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். மறைக்க வேண்டிய பொருள் அது என்றே எனக்குத் தோன்றவில்லை. சிரப் என்பது புட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, லோரியில் ஏறிப் போவது. இது படத்துக்கு முன்னால் வைத்தது. கற்பூரம் காட்டியது. கோயிலில் கொடுக்கும் பஞ்சாமிர்தத்தை யாராவது இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்ற கணக்கில் சொல்வார்களா? திருநீற்றை நாக்கில் வைத்தால் அது தீனியா? விரதம் இருப்பவன்கூடப் பிரசாதம் கொடுத்தால் வாங்கி வாயில் போடுகிறான். விரதம் முறிந்தது என்று யாரும் சொல்வதில்லை. என் மனதில் அந்தக் குவளை அந்தப் பக்கம் இருந்தது. டாக்டர் கேட்டபோதும் மருமகள் கேட்டபோதும் அதைச் சொல்லாமல் விட்டது பொய் இல்லை. மருமகளுக்கும் அந்த வழக்கம் தெரியும். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து தெரியும். அவளுக்கும் அது தோன்றவில்லை.

அதுதான் போகட்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பள்ளி வாசலில் ஆசிரியை பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அங்கிள், நாக்கு செவப்பா இருக்கே? அவங்க அம்மா ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னாங்களே."

"அது பிரசாதம் டீச்சர். முருகனுக்கு வச்சது."

"ஓ, சாமிக்கு வச்சதா. சரி சரி" என்று சொல்லி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டிகிரி படித்த ஆசிரியை அவர்.

முதல் ஊற்று எப்போதும் கனமாக இருக்கும். அண்டா இறங்கியதும் கலர் மேலேயே நிற்கும். கலக்கி ஆறின பிறகுதான் சமமாகும். அந்தக் கனத்தில்தான் நான் முகந்து கொடுத்தேன். முதல் ஊற்று நல்லதாக இருக்க வேண்டும் என்று சாமிக்கு வைப்பதில் கை தாராளமாகவே போகும். சட்டையில் பட்டால் துவைத்தாலும் போகாது என்று ஒரு துண்டை அவள் கழுத்தில் கட்டிவிட்டுத்தான் குடிக்க வைப்பேன். பாக்கிங் செய்யும் அம்மா சிரிப்பாள். "பொஸ், பேத்திக்கு முடி வெட்டப் போறீங்களா?" என்பாள்.

ஆறு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறவில்லை என்றால், பள்ளி நாளில் மாறவில்லை. ஒரு பையன் முகத்தில் மணலை அள்ளிப் போட்டாள். ஆசிரியையின் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். மருமகள் ஒவ்வொரு நாளும் போனைத் திறந்து பள்ளியிலிருந்து வந்த செய்தியைப் படித்து, நோட்டில் ஏற்றுவாள். அவள் இளைத்துப் போனாள். ஒரு சாயங்காலம் நான் ரோத்தானை எடுத்தபோது, "மாமா, வேணாம். அவளுக்கே தெரியல ஏன் செய்றான்னு" என்று இடையில் வந்தாள். நான் தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளித்தான் நின்றாள். என் வீடு, என் பேச்சு. அன்றைக்குக் கொஞ்சம் கூடவே அடித்துவிட்டேன். பிள்ளையின் கெண்டைக்காலில் கோடு கோடாகத் தடித்தது. அடுத்த நாள் காலையில் அதே காலோடு ஃபேக்டரிக்கு வந்து, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் குவளையை வாங்கிக் குடித்தாள்.

ஆறு வாரம் முடிந்து மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ் மாடிக்குப் போனோம். டாக்டர் நோட்டை முதலிலிருந்து படித்தார். யாரும் இவ்வளவு சுத்தமாக எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றார். மருமகளின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் டாக்டர் பேனாவால் ஒரு பக்கத்தில் தட்டினார். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமைங்களப் பாருங்க. 'இன்னைக்குப் பரவால்ல.' 'ஒரு மணி நேரம் ஒக்காந்து படம் வரைஞ்சா.' 'சண்டை இல்ல.' எல்லா ஞாயிறும் இப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் என்ன வித்தியாசம்?"

"நான் வீட்டுல இருப்பேன் டாக்டர்" என்றாள் மருமகள். "சனிக்கிழமை கூட அரை நாள் ஆபீஸ். ஞாயிறு மட்டுந்தான் என்கூட இருப்பா." "அப்ப நான் வேலைக்குப் போறதுதான் காரணமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி விடுமுறை. அண்டா ஏறாது. படத்துக்கு முன்னால் குவளை இருக்காது.

வாயைத் திறந்தேன். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "அங்கிள், ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மருமகளுக்கு முன்னால், என்னைவிடச் சின்ன வயதுக்காரியான ஒரு டாக்டருக்கு முன்னால், ஆறு வாரத்தையும் பாழாக்கியது நான்தான் என்று சொல்ல என் வாய் வரவில்லை. நாளையிலிருந்து கொடுக்காமல் விட்டால் போகிறது, பிள்ளை சரியானால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். வாழ்க்கை முழுக்க என் கணக்குதான் ஜெயித்திருக்கிறது.

டாக்டர் நோட்டை மூடினார். "இவ்ளோ கண்டிப்பா இருந்தும் மாறலைனா, கலரு காரணம் இல்லைன்னுதான் எடுத்துக்கணும்" என்றார். இன்னொரு நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த நிபுணர் அதே வாரத்தில் பார்த்துவிட்டுக் கவனத்துக்கென்று ஒரு மாத்திரை எழுதினார். கூடவே, வேலையை விட முடியுமா என்று மருமகளைக் கேட்டார். அவள் அன்றைக்கே ஆபீசில் நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். எட்டு வருஷம் பார்த்த வேலை. அதையும் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஃபேக்டரியில் குவளையைப் படத்துக்கு வைத்துவிட்டு, செடியில் ஊற்றினேன். முதல் நாள் பேத்தி ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். "சாமிக்கு ஜுரம், இன்னைக்கு இல்ல" என்றேன். இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாள் அண்டாப் பக்கம் ஓடினாள். பாக்கிங் அம்மா எட்டிப் பிடிக்காவிட்டால் கொதிக்கிற அண்டாவில் கையை விட்டிருப்பாள். அதே அழுகையோடு பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது. சறுக்கு மேடையில் ஏறி நின்ற ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தோள் எலும்பு விரிசல்.

தலைமை ஆசிரியை இந்தத் தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பிள்ளையின் பையும், தண்ணீர்ப் புட்டியும், சுவரிலிருந்து கழற்றிய அவள் வரைந்த படங்களும் ஒரு பிளாஸ்டிக் பையில் தயாராக இருந்தன.

அன்று மத்தியானம் சமையலறையில், ஆபீசிலிருந்து ஓடி வந்த மருமகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா தள்ளின? அம்மாகிட்ட சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். மகனும் லோரியை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"தாத்தா சாமி தண்ணி தர மாட்டேங்கிறாரு" என்றாள் பிள்ளை.

"சாமி தண்ணியா? இப்பவும் தராரா?"

"செவப்புத் தண்ணி. தினம் தருவாரு. இப்ப சாமிக்கு ஜுரமாம்."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் எழுந்து அதை அணைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"தினமுமா மாமா?"

"பிரசாதம்மா அது. நான் அத ஒரு..."

"ஆறு வாரமும்?"

"ஞாயித்துக்கிழமை இல்ல" என்றேன். அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகுதான், அதைச் சொன்னதால் எல்லாமே தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

"டாக்டர் முன்னாலயே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள். "நான் அழுதுட்டு இருந்தேன். என்னாலதான்னு அழுதுட்டு இருந்தேன். நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

நான் மகனைப் பார்த்தேன். என்னிடம் ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கும் அதே குவளைதானேப்பா. காலையில அதக் குடுப்பீங்க, சாயங்காலம் ரோத்தான எடுப்பீங்க."

"அதனாலதான்னு யாரு சொன்னது? நிரூபிச்சுட்டாங்களா?" என்று கத்தினேன்.

"இல்லப்பா" என்றான். "இனிமே யாராலயும் நிரூபிக்கவும் முடியாது."

அவன் சொன்னது சரி. மருமகள் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அவரும் அதையேதான் சொன்னாராம். சோதனை கெட்டுவிட்டது. இப்போது மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, பள்ளி நின்றுவிட்டது, அம்மா லீவு போட்டு வீட்டில் இருக்கிறாள், தண்ணியும் நின்றுவிட்டது. பிள்ளை தேறினால் எதனால் தேறினாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் சிரப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஆறு வாரத்தை நான் தின்றுவிட்டேன்.

மருமகள் சத்தம் போடவில்லை. இரண்டு நாளில் பிள்ளையோடு ரவாங்கில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் முதலில் சனி ஞாயிறு மட்டும் போய் வந்தான். அப்புறம் அங்கேயே தங்கி, அங்கிருந்து லோரிக்கு வருகிறான்.

நான் ஃபேக்டரியை மூடவில்லை. மூடினேன் என்று எழுதினால் நல்லவனாகத் தெரிவேன், ஆனால் அது பொய். பதினொரு பேருக்கு என் அண்டாதான் சோறு போடுகிறது. ஒரு தராசு வாங்கினேன். கலர் டப்பாவில் இங்கிலீஷில் போட்டிருக்கும் அளவை மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நிறுத்துப் போடுகிறேன். என் கண் அளவு அதைப்போல எத்தனை மடங்கு இருந்தது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

ரவாங்குக்கு நான் போக மூன்று மாதம் ஆனது. யாரும் வரச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். மருமகள் திறந்தாள். வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வாங்க மாமா. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அவளுக்கு நீங்க ஏதாச்சும் கொடுக்கணும்னா என்கிட்ட கேட்டுட்டுக் கொடுங்க. தண்ணியா இருந்தாலும். தனியா எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. சரின்னா வாங்க."

என் வயதில் எனக்குச் சட்டம் போட்டவர்கள் யாரும் இல்லை. "சரிம்மா" என்றேன்.

பேத்தி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து ஓடி வரவில்லை, ஓடி ஒளியவும் இல்லை. ஓர் ஆரஞ்சை மருமகளிடம் காட்டி, அவள் தலையசைத்த பிறகு பிள்ளையிடம் கொடுத்தேன். அவளே தோலை உரித்தாள். ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைப் பொறுமையாக எடுத்து, ஒரு தட்டின் ஓரத்தில் சேர்த்து வைத்தாள். அவ்வளவு நேரம் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதிர்த்த வீட்டுப் பிள்ளையோடு இப்போது சண்டையில்லாமல் விளையாடுகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். போய்க் கேட்ட பள்ளிகளில் கிள்ளான் பாலர் பள்ளியிலிருந்து கடிதம் கேட்டார்கள், அதனால் முதலாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் எடுப்பார்கள் என்று இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

"தாத்தா" என்றாள் பிள்ளை, தலையைத் தூக்காமல். "நான் இப்ப நல்ல பிள்ளையா?"

"நீ எப்பவுமே நல்ல பிள்ளைதான்டா."

அவள் ஒரு சுளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப ஏன் அடிச்சீங்க?"

பாங்கிக்காரர்களுக்கும், சுகாதார இலாகா ஆட்களுக்கும், வாய் கிழியப் பேசும் வியாபாரிகளுக்கும் பதில் சொல்லி அனுப்பியவன் நான். சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. மருமகள் அங்கேயே நின்றாள்.

"தாத்தா தப்புப் பண்ணிட்டேன்மா" என்றேன்.

அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. சுளையை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த சுளையை எடுத்து நாரை உரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து போகும் வரைக்கும் அப்புறம் எதுவும் கேட்கவில்லை.